கோணி போட்டு மூடிய கப்

28 ஏப்ரல் 1985, ஞாயிறு

சாலவாக்கத்தில் இன்று ஃபுட்பால் கப் ஃபைனல். எங்கள் காலனி டீமும் ஊர் டீமும். ஜெயிக்க வேண்டும் என்று காலையில் சர்ச்சில் ஜெபித்தேன். மைதானத்தில் ஊர்க்காரர்களின் முகத்தைப் பார்த்ததும், தோற்றுவிட்டால் தேவலை என்று தோன்றியது. கடைசி நிமிடத்தில் என் தம்பி டேவிட் கோல் போட்டான். ஜெயித்துவிட்டோம்.

கப்பைக் கொடுத்தவர் எங்களுக்கு வேலை தரும் நிலக்காரர். ஊர் டீமின் கோல்கீப்பர் அவர் மகன்தான். சிரித்துக்கொண்டே டேவிட்டிடம், "நல்லா ஆட்னடா. கால பத்ரமா வெச்சிக்க" என்றார்.

மறுநாள் வேலைக்கு ஆள் சொல்ல, விளக்கு வைத்ததும் அவருடைய ஆள் தினமும் காலனிக்கு வருவான். இன்று வரவில்லை.

"நெல்லு முத்திப்போயி நிக்கிது. ஆளு சொல்ல இன்னும் வர்லியே, இன்னாடா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

கப்பை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு வீட்டிலும் யாரும் துணியவில்லை. என் தலைமாட்டில்தான் இருக்கிறது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறதே என்று கோணி போட்டு மூடினேன். தெருமுனையில் நாய் விடாமல் குரைக்கிறது. டேவிட் அசந்து தூங்குகிறான். அவனுடைய வலது கால் பாயைத் தாண்டி வாசற்படி வரை நீண்டு கிடந்தது. இப்போதுதான் எழுந்து போய் அதை உள்ளே இழுத்துவிட்டு வந்தேன்.