மூடுபனிக்கு எந்த விளக்கு

2004 ஜூலை 5

பாடசாலை விட்டதும் செல்வரத்தினம் சேர் மேசையில் மூன்று விளக்குகளை வைத்தார். மூன்றும் தலையில் மாட்டுபவை, சார்ஜ் பண்ணி எரிக்கிறவை. கொழும்பிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றைத் தெரிவு செய்து எழுதினால், ஆகஸ்டில் மலையேறிக் கூடாரத்தில் தங்கப்போகும் எங்கள் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அதையே அனுப்புவாராம்.

"எது நல்லதெண்டு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ, பிள்ளை. அதுகளோட நடக்கப்போறது நீங்கள்தானே."

தலையாட்டினேன். பட்டம் வாங்கி இங்கே ஆசிரியையாக வந்து ஏழு மாதம். என் பதில்கள் எல்லாமே தலையாட்டல்தான்.

வட்டகொடை பஸ்ஸில் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று குஞ்சுகளைப் போல.

ஜூலை 6

பெயர் வைத்துவிட்டேன். பின்னந்தலையில் பெட்டரிப் பெட்டியோடு வருவது பெரியவர். எதிர்மலையின் மரத்தை எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம். கைக்குள் அடங்குவது சிட்டு. மூன்றாவது செம்மஞ்சள். அழகே இல்லை. தடித்த நீளப் பட்டி. முகத்தைக் கீழே வளைக்கலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம், சார்ஜ் தீர்ந்தால் கடையில் விற்கும் சாதாரண பெட்டரியும் போடலாம்.

மாலையானால் எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்க, கரண்ட் மெலிந்துவிடும். பல்பு பூசணிப்பூ நிறத்தில் எரிய, மூன்றும் சுவரோரம் மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 7

கனவில் எங்கள் மலை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கேயோ புறப்பட்டது. நானும் வரட்டுமா என்று கேட்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஜூலை 8

சிட்டு மழையில் நனைந்தது. இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. பாவம்.

ஜூலை 9

இன்று மலையேறப்போகும் பிள்ளைகளின் கூட்டம். ஷாமிலா பெரியவரை மாட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தாள். "டீச்சர், இதப் பாத்தா சிறுத்தைக்கே கண்ணு கூசும்." எல்லாரும் கை தட்டினார்கள்.

"அப்ப இதுதான். திங்கக்கிழமை கடிதம் போடுவம். என்ன பிள்ளை?" என்றார் சேர்.

தலையாட்டினேன். பொய்யில்லை, எனக்கும் பெரியவரைப் பிடித்துத்தான் இருந்தது.

ஜூலை 10



கொழுந்து ஏற்றும் லொறி வரத் தாமதம். ஆறு மணியாகியும் கொழுந்து எடுக்கப் போன அம்மா வரவில்லை. மூடுபனி லயத்தின் கூரைவரை இறங்கிவிட்டது. பெரியவரை மாட்டிக்கொண்டு மேல்மலைப் பாதையில் ஏறினேன். முதல் வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். தலையைத் திருப்பினால் சுவரும் திரும்புகிறது. அதன் அழகில் மயங்கி நடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், ஏதோ பாலுக்குள் நடப்பதுபோல. வலது கால் தரையைத் தேடியது — தரை இல்லை. மழைத்தண்ணீர் ஓடும் கருங்கல் கான் வாய் பிளந்திருந்தது. ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரது, கண்ணுல அடிக்கிறது? அத அணைங்க."

"நான்தாம்மா."

"நீயா? ஒங்கால் எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் செடிகள் வந்தன; பிறகு பாதை; பிறகு அம்மாவின் வெறும் கூடை. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கினேன்.

லயத்து வாசலில் ஏழெட்டுப் பேர். பக்கத்து வீட்டுச் சின்னராசா அண்ணன் கையில் கம்பும் கம்பளியும். மேல்மலையில் இருட்டில் வெளிச்சம் நடந்தால் யாருக்கோ சுகமில்லை, தூக்கிவர ஆள் வேண்டும் என்றுதான் இங்கே அர்த்தம்.

"யாருக்குக்கா முடியல?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. டீச்சரம்மா லைட்டு பாக்குறாங்க."

"அதுக்கு நான் சோத்துல கை வச்சவன் ஓடியாந்தேனே" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வெள்ளைச் சுவர். நான்தான் தலையாட்டியாச்சே. இப்ப என்ன செய்யப் போறேன்?

ஜூலை 11

இன்றும் மூடுபனி. செம்மஞ்சளைத் தலையில் கட்டினேன். அதே சுவர், கொஞ்சம் மங்கலாக. வெளிச்சத்தைக் குறைத்தேன். போதவில்லை. சலித்துக் கழற்றி அம்மாவின் கூடைமேல் வைத்தேன். பக்கத்தில் அம்மாவின் படங்கு காய்ந்துகொண்டிருந்தது, மலைக்குப் போகும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றும் அந்தத் தடித்த துணி. அதன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடுப்பில் கட்டினால் என்ன?

கட்டினேன். முகத்தைக் கீழே வளைத்தேன். வெளிச்சம் பனிக்கு அடியில் நுழைந்து பாதையில் விழுந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல். கான் எங்கே என்று கான் தானே சொன்னது.

பெரியவரின் பட்டி இடுப்புக்குப் போதாது.

ஜூலை 12

பஸ்ஸில் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். கடிதம் மேசையில் இருந்தது, உறை ஒட்டியாகிவிட்டது. பேசாமல் பெரியவரை நீட்டி, வெளியே கையைக் காட்டினேன். மைதானம் முழுக்கப் பனி. விடிந்தும் விடியாத வெளிச்சம்.

சேர் மாட்டிக்கொண்டு நாலடி வைத்தார். நின்றுவிட்டார். "பிள்ளை, ஒண்டும் தெரியேல்லையே."

செம்மஞ்சளை அவர் இடுப்பில் கட்டச் சொன்னேன். கோல் கம்பம்வரை போய்வந்தார்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்ல சேர். எங்கம்மா கொழுந்து எடுக்கிற மலையில விழப் பாத்தேன். எங்க லயத்துக்கு மேல."

அம்மாவையும் லயத்தையும் பற்றி அந்தப் பாடசாலைக்குள் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. பனி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. சேர் உறையைக் கிழித்தார்.

ஆகஸ்ட் 2

பன்னிரண்டு செம்மஞ்சளும், சேருக்கென்று மேலதிகமாக ஒன்றும் வந்து சேர்ந்தன. "என்னா டீச்சர், கலரு இப்புடி" என்கிறாள் ஷாமிலா.

ஆகஸ்ட் 16

கூடாரத்தைப் பிரித்து எங்கள் லயத்து வழியாக இறங்கினோம்; மழையால் தாமதம். மேல்மலைக்கு வரும்போதே இருட்டி, மூடுபனியும் சேர்ந்துவிட்டது. மாதிரிக்கு வந்த செம்மஞ்சளோடு நான் முன்னால், சேர் கடைசியில். நடுவில் பன்னிரண்டு இடுப்பு விளக்குகள். முகம் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்ச வட்டங்கள் மட்டும் தரையோடு தரையாக மிதந்து வந்தன. கானைத் தாண்டும்போது எண்ணினேன். பன்னிரண்டு. சேரோடு பதின்மூன்று.

லயத்து வாசலில் கம்பும் இல்லை, கம்பளியும் இல்லை. யாரும் ஓடிவரவில்லை.

"சின்னராசா கம்பத் தூக்கிட்டான். வெளிச்சம் தரையில வருது, எம்புள்ளைதான், அடுப்பப் பத்த வைங்கன்னேன்" என்றார் அம்மா.

தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஐந்து கோப்பைதான். மற்றவை லயம் முழுக்க வாங்கியவை, ஒன்றைப்போல் ஒன்றில்லை. சேர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, விளிம்பு உடைந்த நீலக் கோப்பையில் குடித்தார். இடுப்பு விளக்கை அணைக்க மறந்திருந்தார்.