நாற்பது மில்லிமீட்டர்

மார்ச் 3
சம்பந்திக்கு அறுவை முடிந்து நான்கு நாள். இன்று நர்ஸம்மா அழைத்தார். "ஐயா, வயித்துல பை மாட்டியிருக்கு, குனிஞ்சு பாக்கவே மாட்டேங்கிறார். நீங்க வந்து சொல்லிக் கொடுத்தா கேப்பார்." பதினோரு ஆண்டுகளாக என் வயிற்றிலும் மலம் சேரும் அதே பை. புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது நான் ஏற்ற தொண்டு. வருகிறேன் என்றேன். இறைவன் முன் அமர்ந்தேன். பாடல் வரவில்லை, சிரிப்பு வந்தது.

மார்ச் 4
எனக்குப் பை வைத்த புதிதில், பதிகம் ஓதும் அவையில் முப்பது பேர் முன்னிலையில் சம்பந்தி சொன்னது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி, சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல? வீட்டுலயே ஓதிக்கோங்களேன்." யாரோ மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். என் மகள் அவர் வீட்டு மருமகள். வாய் திறவாமல் எழுந்து வந்தேன். அதன்பின் அவையேறவில்லை.

மார்ச் 6
பாடம் நடத்தினேன். ஸ்டோமா, குடலின் அந்தப் புதுவாய், செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. அளவு அட்டையின் துளைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்: முப்பத்தெட்டு. பையைத் தோலோடு பிடிக்கும் ஒட்டுத்தகட்டில் நாற்பது மில்லிமீட்டருக்கு வட்டம் வெட்டிக் காட்டினேன். "உள்ளங்கைச் சூட்டுல அழுத்திப் பிடிங்க." அப்படியே பிடித்தார். "நீங்க சொன்னா சரி சம்பந்தி."
ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வீக்கம் வடிய வடிய வாய் சுருங்கும். வாரந்தோறும் அளந்து வட்டத்தையும் குறைக்க வேண்டும். தவறினால் இடைவெளியில் கழிவு தேங்கித் தோலை அரிக்கும், தகடு பிடிவிடும்.
பொய்யேதும் உரைக்கவில்லையே நான்?

மார்ச் 7
ஓதுகையில் நா குழறியது. தொடர்ந்து ஓதினேன்.

மார்ச் 22
பையோடு அவைக்குப் போய்த் தலைமை ஏற்றிருக்கிறார்! எனக்கொரு சுத்தம், இவருக்கொரு சுத்தமா? பிடிவிடட்டும் — அவை நடுவிலேயே விடட்டும்.

மார்ச் 29
விட்டது. பாடலுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கையில் உடை நனைந்ததாம். மகள் தொலைபேசியில் அழுதாள். "மாமா ரூமை விட்டு வெளிய வரலப்பா. சாப்பிட்டாத்தானே வரும்னு சோத்தையே தள்ளிடுறார்."
நல்லா வேணும். பதினோரு வருஷம் நான் பட்டேனே, யார் அழுதா?
மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 31
பார்ப்பதற்காகவே போனேன், உதவுவதற்கு அல்ல. சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகி நீர் கசிந்தது. அட்டையை வைத்தேன்: இருபத்தெட்டு. தகட்டில் இன்னமும் நாற்பது.
"சுருங்கும்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல," என்றேன்.
அவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நர்ஸம்மா சொன்னாங்க சம்பந்தி, வாராவாரம் அளங்கன்னு. சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும்? சம்பந்தி அனுபவிச்சவர், அவர் சொல்லாதது எதுவும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."
புண்ணுக்கு மருந்துப் பொடி தூவி, முப்பதுக்கு வெட்டி ஒட்டிவிட்டு வந்தேன். வழியனுப்ப அவர் எழவில்லை.

ஏப்ரல் 18
தோல் ஆறிவிட்டது. அவரே தொலைபேசினார். "இருபத்தஞ்சுக்கு வந்திருக்கு சம்பந்தி."
இருபத்தேழுக்கு வெட்டுங்கள் என்றேன்.
"சரி. எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."
கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.