குளிர்காலத்துல பிளேன் குறைச்சலா ஓடும்னு நெனச்சு நான் குறிச்ச நாள்

குரும்பலூர்
9.1.2006

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு உன் அம்மா ஜெகதாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோட இருக்கோம், உன் அக்கா பரிமளாவும் பாப்பா அபிநயாவும் கீழப்பழுவூர்லேருந்து வந்து நாலு நாளா நம்ம வீட்டுலதான் இருக்காங்க, மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா, தூங்குறியான்னு ஒரு வரி எழுதினா எங்களுக்கும் தூக்கம் வரும்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். படிச்சுட்டு சத்தம் போட்டுச் சிரிக்காதே, பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிற பையன் எழுந்துக்குவான். பாப்பா காதுகுத்துக்குத் தை மாசம் நாள் குறிச்சது உன் அப்பான்னு போன்ல சொன்னேன்ல, அது அவர் இல்ல, நான்தான். அவரு பாவம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் என்ன நெனச்சேன்னா, மழை பிடிச்சா உன் அப்பாவுக்குக் கொத்து வேலை கிடையாது, கட்டடச் சாரத்தை அவுத்துப் போட்டுட்டு வீட்டுல குந்திக்கிறாரு, அது மாதிரி குளிர் பிடிச்சா பிளேனும் குறைச்சலாத்தான் ஓடும், உனக்கும் வேலை இருக்காது, தை மாசம் லீவு கேட்டா கையில பிடிச்சுக் குடுத்து அனுப்புவாங்கன்னு நெனச்சுட்டேன். நெனச்சதோட விட்டேனா, சம்மந்தி ஆண்டாயியம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பெரியப்பா வீட்டுலயும் சொல்லிட்டேன், ரேஷன் கடையில கேக்காதவங்களுக்கும் சொன்னேன். அதுக்கு அப்புறம் நீ போன் பண்ணி அம்மா குளிர்காலத்துலதான் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்ல, தை மாசம் லீவு கேட்டா அடிக்க வருவாங்கன்னு சொன்னே. நான் சரி சரி புரியுதுன்னேன். ஒண்ணும் புரியல. போனை வச்சுட்டு உன் அப்பாவைப் பாத்தேன், அவரு மேலே ஓட்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு.

அப்புறம்தான் உன்கூட துபாய் ஏர்போர்ட்டுல பிளேனுக்குப் பெட்டி ஏத்துற வேலை பாக்குற பெரம்பலூர் நடராசன் லீவுல வந்தவரு நம்ம வீட்டுக்கு வந்தாரு. நீ குடுத்துவிட்ட சோப்பு, தைலம், பாப்பாவுக்கு கவுன் எல்லாம் பத்திரமா வந்து சேந்துச்சு. கவுனு இப்பவே முட்டிக்கு மேல நிக்குது, நீ பாக்காத ரெண்டரை வருசத்துல பிள்ளை வளராதுன்னு நெனச்சு வாங்கினியா. நடராசனை உக்கார வச்சு ஒரு செம்பு மோர் குடுத்து, தம்பி அந்த ஏர்போர்ட்டு சங்கதிய எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு சொல்லச் சொல்ல எனக்கு வாய் மூடல. வருசத்தை ரெண்டாப் பிரிச்சு பிளேன் வரப்போக வெயில்காலத்துக்கு ஒரு நேரம் குளிர்காலத்துக்கு ஒரு நேரம்னு வச்சிருக்காங்களாமே. குளிர் நாட்டுக்காரங்களுக்கு ஐப்பசிக்கு மேல அங்கே பனி கொட்டி வெளியில தலை காட்ட முடியாதாம், அவங்க பூராவும் வெயிலைத் தேடிக்கிட்டு உங்க ஊருக்குப் பறந்து வராங்களாம். வெயிலைத் தேடிக்கிட்டு காசு குடுத்து வராங்கன்னு சொன்னதும் உன் அப்பா எழுந்துட்டாரு, அப்ப சித்திரை மாசம் நம்ம பெரம்பலூருக்கு வரச் சொல்லு, காசே வேணாம்னு சொன்னாரு. அவங்களுக்காக ஐப்பசி நடுவுலேருந்து பிளேனைக் கூட்டி விடுறதும், வாரத்துக்கு நாலு வந்தது தினம் ரெண்டா வரதும், பங்குனியில அவங்க திரும்பிப் போனதும் அதைக் குறைச்சு வேற ஊருக்குத் திருப்பி விடுறதும், எது எங்கே வந்து நிக்கணும் எந்தப் பெட்டி எந்தப் பிளேன் வயித்துக்குள்ள போவணும்னு எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கிழமையில மாத்துறதும், இதுல ஒருத்தன் பெட்டிகூட மாறாம நீங்க நின்னு ஏத்துறீங்கன்னு கேட்டப்ப எனக்கு என்னமோ பெருமையா இருந்துச்சுய்யா. நம்ம ஊருக்கு வர டவுன் பஸ்ஸைப் பத்து நிமிசம் முன்னாடி எடுக்கச் சொல்லி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்காக மூணு வருசமா கேட்டுக்கிட்டிருக்கோம், இன்னும் நடக்கல. அதைவிடப் பெரிய அதிசயம், அந்தக் குளிர் நாட்டுல பங்குனி மாசம் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்குவாங்களாம், அதுக்குத் தகுந்த மாதிரிதான் உங்க நேரமும் மாறுதாம். உன் அப்பா அதைக் கேட்டதுலேருந்து காலையில எழுப்பினா நான் இன்னும் கடிகாரத்தைத் தள்ளி வைக்கலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிறாரு.

சரி விசயத்துக்கு வரேன். தை மாசம் நீ வர முடியாதுன்னு தெரிஞ்சதும் கீழப்பழுவூர்ல என்ன நடந்துச்சுன்னா, ஆண்டாயியம்மா முகம் சுருங்கிப் போச்சு. அவங்க சொல்றதுலயும் தப்பு சொல்ல முடியாது. பாப்பாவுக்கு வைகாசி வந்தா மூணு முடிஞ்சிடும், அதுக்குள்ள அவங்க குலசாமி கோயில்ல முடி இறக்கிக் காது குத்திடணும், விட்டா ஒத்தப்படை வயசுக்கு அஞ்சு வரைக்கும் காத்திருக்கணும். தாய்மாமன்னா ஒருத்தன்தானா, பரிமளா பெரியப்பா மகன் அமாவாசையும் மாமன் முறைதான, அவன் மடியில உக்கார வச்சு தையிலயே முடிச்சிடுவோம்னு சொல்லிட்டாங்க. அமாவாசையைப் பத்தி உனக்குத் தெரியும், நல்ல பிள்ளைதான், சேதி காதுல விழுந்த அன்னைக்கே போய் மீசையை ஒதுக்கிக்கிட்டு வந்துட்டான். மாமன் சீருக்கு வெள்ளிக் கொலுசு போதுமா சித்தின்னு என்கிட்ட வந்து கேக்குறான். பரிமளா மட்டும் எழுந்து அடுப்படியில போய் உக்காந்துக்கிட்டா. அப்புறம் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னா, அம்மா என் கல்யாணத்தப்ப மாலையும் கழுத்துமா நான் அழுதப்ப என் தம்பிதான் பொரியை என் கையில போட்டான், என் பிள்ளை முதல் முதல்ல உக்காருற மாமன் மடி அவன் மடியாத்தான் இருக்கணும், இல்லாட்டி காது மூளியாவே இருக்கட்டும்னு. கூடப் பொறந்தவளுக்கு உன் மேல இம்புட்டு ஆசை எப்படி வந்துச்சுன்னு எனக்கு விளங்கல, சின்னதுல அவ தலைமுடியை நீ பிடிச்சு இழுத்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.

மறுநாள் நானே பஸ் ஏறி அரியலூர் போய் அங்கேருந்து கீழப்பழுவூர் போனேன். ஆண்டாயியம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போறவங்கன்னு உனக்குத் தெரியும், நாப்பது பொம்பளைங்களைக் கையில வச்சிருக்காங்க, அவங்க கண்ணு அசைஞ்சா அத்தனை பேரும் வயல்ல இறங்குவாங்க. நான் போறப்ப அவங்க முறத்துல மொச்சை உரிச்சுக்கிட்டிருந்தாங்க, வாங்க சம்மந்தின்னு சொன்னாங்க, என் பக்கம் முகத்தைத் திருப்பல. நானும் உக்காந்து மொச்சையை உரிச்சேன். உரிச்சுக்கிட்டே கேட்டேன், சம்மந்தி போன ஐப்பசி நடவுல உங்க கூட்டத்துல ஒரு பொம்பளை தம்பி நிச்சயத்துக்குப் போவணும்னு ரெண்டு நாள் கேட்டாளாமே, நீங்க விடலையாமேன்னு. அவங்களுக்குக் கோவம் வந்துடுச்சு, எப்படி விட முடியும், நாத்து பிடுங்கிப் போட்டுக் கிடக்கு, ஏரித் தண்ணி நாலு நாளைக்குத்தான், ஒருத்தியை விட்டா ஒம்போது பேரு கேப்பா, நடவு முடியட்டும் நானே பூ வாங்கிக் குடுத்து அனுப்புறேன்னு சொன்னேன், சொன்ன மாதிரி அனுப்பினேன் கேட்டுப் பாருங்கன்னு படபடன்னு சொன்னாங்க. அப்பதான் நான் மெதுவா சொன்னேன், துபாயில இப்ப நடவு சம்மந்தி, என் பையனோட மேனேஜரும் உங்களை மாதிரிதான்னு.

கையில இருந்த மொச்சையை முறத்துல போட்டுட்டு என் பக்கம் திரும்பிட்டாங்கய்யா. அப்புறம் நான் நடராசன் சொன்னதை எல்லாம் சொன்னேன். குளிர்காலத்துல பிளேன் மேல பிளேன் வந்து இறங்குறதையும், ஒவ்வொண்ணு வயித்துலயும் நூத்துக்கணக்குல பெட்டி இருக்கிறதையும், பெட்டி ஏத்துற கூட்டம் ஒண்ணு குறைஞ்சா அடுத்த பிளேன் நின்னு போறதையும் சொன்னேன். வெயில்கால நேரம் வந்தாத்தான் ஆளை விடுவாங்க, அதுவும் அந்த வெள்ளைக்காரங்க ஈஸ்டர் பண்டிகை முடிஞ்சு திரும்பின பிற்பாடுதான்னும் சொன்னேன். அவங்க கேட்டாங்க பாரு கேள்வி, நான்கூட நடராசன்கிட்ட கேக்கல. கூடுதலா வர பிளேனுக்கு எடம் எங்கேருந்து வரும், முன்னாடி இருக்கிறதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு கேட்டாங்க. ஒரு பிளேன் நேரத்துக்கு முந்தி வந்தா இறங்க விடுவாங்களா காத்திருக்கச் சொல்லுவாங்களான்னு கேட்டாங்க. ஆளுங்களை முன்கூட்டியே பேசி வைப்பாங்களா அன்னன்னைக்கு கூட்டுவாங்களான்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், தெரியாததையும் கொஞ்சம் சொன்னேன், அதெல்லாம் சரியான்னு நீ எழுது, தப்பா இருந்தா எனக்கு மட்டும் எழுது. எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த அம்மா சொன்னது, அந்த மேனேஜரு சரியான ஆளு, நடவு நேரத்துல மாமன் மடி கேட்டா நானும் விடமாட்டேன்னு. உன் மேனேஜருக்கு நம்ம பக்கத்துல இவ்வளவு நல்ல பேரு யாரும் வாங்கிக் குடுத்திருக்க மாட்டாங்க, அவர்கிட்ட சொல்லு.

அதனால இப்ப முடிவு ஆயிடுச்சு. சித்திரை மூணாவது ஞாயிறு, வளர்பிறை, உங்க பண்டிகைக் கூட்டமும் ஓஞ்சிருக்கும், பாப்பாவுக்கு மூணும் முடிஞ்சிருக்காது. கோயில் பூசாரிகிட்ட மாப்பிள்ளை சொல்லிட்டாரு. ஆனா ஆண்டாயியம்மா ஆண்டாயியம்மாதான், அன்னைக்குப் பொழுது விடிய என் மருமகளோட தம்பி வந்து நிக்கலேன்னா அமாவாசை மடிதான், அதுக்கு மேல பேச்சு இல்லேன்னு சொல்லித்தான் என்னை பஸ் ஏத்தினாங்க. நானும் சரின்னுட்டேன், வேற என்ன சொல்றது. அமாவாசை இன்னும் அந்த மீசையை அப்படியே ஒதுக்கித்தான் வச்சிருக்கான், எதுக்கும் இருக்கட்டும்ங்கிறான்.

கண்ணு, லீவை வாயால வாங்காதே, எழுத்துல வாங்கிக்கோ. டிக்கெட் எடுக்கும்போது வெயில்கால நேரத்தைப் பாத்து எடு. திருச்சிக்கு வர பிளேன் குளிர்காலத்துல ஒரு கிழமையில வரும் வெயில்காலத்துல வேற கிழமையில வரும்னு நடராசன் சொன்னாரு, அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பழைய நேரத்தை நம்பிப் போயி பிளேன் போன வழியைப் பாத்துட்டு ரூமுக்குத் திரும்பினாராம். ஊரான் பிளேனை எல்லாம் நேரத்துக்கு ஏத்தி அனுப்புற பிள்ளை உன் பிளேனை விட்டுட்டு நின்னேன்னா நான் இங்கே ரேஷன் கடை பக்கம் போவ முடியாது. திருச்சிக்கு இல்லாட்டி மெட்ராசுல இறங்கி ரயில்ல அரியலூர் வந்துடு, மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வருவாரு. குனிஞ்சு பெட்டி தூக்குறப்ப இடுப்புல துணியை இறுக்கிக் கட்டிக்கோ, ஒரே கையால தூக்காதே. பாப்பாகிட்ட உன் போட்டோவைக் காட்டி இது யாருன்னு கேட்டா பிளேன் மாமாங்குது. உன்னை நேர்ல பாத்ததும் முதல்ல அழத்தான் செய்யும், அதுக்குப் பயந்து மடியை விட்டு இறக்கிடாதே, ஆசாரி ரெண்டு காதும் முடிக்கிற வரைக்கும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு உக்காரணும். நீ அழாம இருந்தா போதும்.

நம்ம சாமி உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாத்தட்டும், போற வர வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். லீவு கிடைச்சதும் எனக்கு முன்னாடி உன் அக்காவுக்குச் சொல்லிடு, அவ முகத்தை நான் பாக்கணும்.

எப்பவும் உன் நெனப்பா இருக்கும் அம்மா
ப. ஜெகதாம்பாள்

இன்னொண்ணு எழுத விட்டுப்போச்சு. பாப்பா கத்தியைக் கண்டா வீடே இடியிற மாதிரி கத்துது, சித்திரைக்குள்ள பயம் தெளியட்டும்னு இன்னைக்குக் காலையில முடி வெட்டுற அய்யம்பெருமாளை வீட்டுக்கு வரச் சொல்லி, தாத்தாவுக்கு வலிக்குதா பாருன்னு உன் அப்பாவை உக்கார வச்சு மொட்டை அடிக்கச் சொன்னேன். வலது பக்கம் முடிஞ்சப்ப பிள்ளை கை தட்டிச் சிரிச்சுச்சு. அப்ப அய்யம்பெருமாள் வீட்டுலேருந்து மாடு கன்னு போடுதுன்னு ஆள் வந்துச்சு, அவரு கத்தியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு, நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. இப்ப பாப்பா இடது பக்கம் பாத்தா தாத்தாங்குது, வலது பக்கம் பாத்தா அழுவுது. இந்தக் கடுதாசியைத் தபால்ல போட உன் அப்பாதான் கொண்டு போறாரு.