கண்ணாடிக்காரன் எடுத்த படம்

சங்கராபுரம்,
புதன்கிழமை.

திருமதி தனுஷா முருகவேல் அவர்களுக்கு, சங்கராபுரம் மாயவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தாயாரும் நலம். அங்கு தங்கள் குடும்பத்தார் நலமறிய ஆவல்.

சரி, போதும். மூணு வருஷம் கழிச்சு எழுதறோமே, மரியாதையா ஆரம்பிப்போம்னு பார்த்தேன், எனக்கு வரல. நேரா விஷயத்துக்கு வரேன். ஊர்ல என்னைக் கல்நெஞ்சக்காரன்னு பேசிக்கறாங்க. நீயும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருக்கறதா நேத்து உங்கம்மா சொன்னா. அநியாயம் இது. செய்யாத குத்தத்துக்குத் தண்டனை குடுக்க நீங்கல்லாம் யாரு?

போன் பண்ணிச் சொல்லுங்கன்னு அவ சொன்னா. போன்ல நீ அழுவ, நான் கத்துவேன், பாதியில டவர் போயிடும். கடுதாசின்னா முழுசாப் படிச்சாவணும். மலையில உங்க ஊர் தபாலாபீஸ்ல உக்காந்திருக்கறதே உன் வூட்டுக்காரர்தான், இது மொதல்ல அந்த ஆள் கைக்குத்தான் போவும்னு எனக்குத் தெரியும். பிரிச்சிப் படிக்க மாட்டார்னு நம்பறேன்.

நடந்தது இதுதான். போன மாசம் நம்ம குலதெய்வக் கோயில்ல உங்கண்ணன் தமிழழகன் பொண்ணுக்குக் காது குத்தினோம். எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. ஆனாலும் குடும்பப் படத்தை நான்தான் எடுப்பேன்னு சொல்லி, நீ மொத சம்பளத்துல புதுச்சேரியில வாங்கிக் குடுத்த பழைய பிலிம் கேமராவை பீரோ மேல இருந்து எறக்கினேன். அதை ஏன் எறக்கினேன்னு கேக்காத.

ஆனா உன்னை நான் ஒண்ணு கேக்கறேன். உங்கப்பன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். வயர்மேன் வேலையில முப்பது வருஷம் அந்தக் கண்ணாடியோடதான் கம்பம் ஏறினான். அவனுக்குப் போய் இப்படி ஒரு கேமராவையா வாங்கித் தருவாங்க? கண்ணு வெச்சிப் பாக்கற ஓட்டை சுண்டைக்காய் சைஸ். கண்ணை அதுமேல ஒட்டி வெச்சாத்தான் படம் மொத்தமும் தெரியும். கண்ணாடி போட்டவன் எங்க போய் ஒட்டி வெப்பான்? ஒரு விரக்கடை தள்ளி நின்னு பாத்தா நடுவுல கொஞ்சம் தெரியும், நாலு ஓரமும் இருட்டு. கதவு ஓட்டை வழியா கல்யாணம் பாக்கற கதைதான். கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்கன்னு உங்கண்ணன் புத்தி சொல்றான். கழட்டினா எனக்கு ஆள் எது, ஆட்டுக்குட்டி எதுன்னே தெரியாது. போதாததுக்கு அந்த ஓட்டையைச் சுத்தி இரும்பு வளையம். புதுக் கண்ணாடி, வாங்கி ரெண்டு மாசம் ஆவல, நட்டநடுவுல கீறல்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. அதுல நடுவுல நிக்கற ஆள் ரெண்டாத் தெரிவார். முன்னால இருக்கற வளையத்தைத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒண்ணாச் சேக்கணும், அப்பதான் படம் தெளிவா விழும். நான் இடது கண்ணை மூடிக்கினு உங்கம்மா மூக்குத்தியோட மல்லுக்கட்டிக்கினு இருந்தேன். அவ்ளோ நேரமும் ஒருத்தராவது என்னைப் பாக்கணுமே! படத்துக்கு வரிசையா நிறுத்தின பதினோரு பேரும் ஒரே பக்கம் பாத்துக்கினு நிக்கறாங்க. ஐஸ் வண்டி வந்திருக்கும்னு நெனச்சேன். இங்க பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். உங்கம்மா சிரிச்சா, அதுவும் என்னைப் பாத்து இல்ல. வந்த கோவத்துல அமுக்கிட்டு, அவ்ளோதான், கெளம்புங்கன்னு சொன்னேன். கண்ணாடி பூரா வேர்வை. திரும்பி நின்னு கழட்டி வேட்டி முனையில தொடச்சேன். மாட்டிக்கினு பாத்தப்ப எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க.

பிலிமைக் கழுவ சென்னைக்கு அனுப்பி, படம் நேத்துதான் கூரியர்ல வந்துச்சு. பிரிச்சிப் பாத்தேன். இடது ஓரத்துல, பந்தக்காலை ஒட்டி, நீ நிக்கற. இடுப்புல ஒரு கொழந்தை. பதினோரு பேரும் உன்னைப் பாக்கறாங்க. நீயும் அந்தக் கொழந்தையும் மட்டும்தான் என்னைப் பாக்கறீங்க.

படத்தைத் தூக்கிக்கினு போய் உங்கம்மாகிட்ட நின்னேன். இன்னாங்க, பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டு இப்ப வந்து கேக்கறீங்களேன்னு என்னையே கேக்கறா. அவதான் உன்னை வரச் சொன்னாளாம். நீ புள்ளையோட மொத பஸ்ஸுல மலை எறங்கி வந்தியாம். அப்பா கேமராவுல பாத்துட்டாரு, கூப்பிடுவாருன்னு நின்னியாம். கெளம்புங்கன்னு நான் சொன்னதும், திரும்பி நின்னதும் உனக்காகத்தான்னு நெனச்சி, பச்சத்தண்ணி கூடக் குடிக்காம போயிட்டியாம். அட கடவுளே! பஸ் வரைக்கும் உன் பின்னால ஓடித்தான் அவளுக்கு முட்டி வீங்கியிருக்கு. பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு நெனச்சி ஒரு மாசமா தைலம் தேச்சிக்கினு இருக்கேன் நான். இந்த வூட்ல எனக்குச் சோறு போட்ட கையெல்லாம் மனசுக்குள்ள காறித் துப்பிட்டுத்தான் போட்டிருக்கு. தமிழழகன் ஏன் மூஞ்சி குடுத்துப் பேசலைன்னு இப்பதான் தெரியுது.

அதே படத்துல வலது ஓரத்தைப் பாரு. சமையக்காரர் கரண்டிக் காம்பால முதுகு சொறிஞ்சிக்கினு நிக்கறார். ஓரம் தெரிஞ்சிருந்தா அவரையும் சேத்தா குடும்பப் படம் எடுப்பேன்? இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் உங்களுக்கு?

பாத்திருந்தா மட்டும் கூப்பிட்டிருப்பீங்களான்னு கேப்ப. உன் வாய் எனக்குத் தெரியாதா? நீ யாரைக் கட்டிக்கினன்றது ஒண்ணு, என்கிட்ட சொல்லாம கட்டிக்கினது ஒண்ணு. சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பேனா? மாட்டேன். அதனாலதான் நீ சொல்லல. என் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னவன் நான்தான், இல்லைன்னு சொல்லல. அதுக்கு எவ்ளோ வேணாலும் திட்டு, வாங்கிக்கறேன். ஆனா கைக்கொழந்தையோட நிக்கற பொண்ணைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பறவன் நான் இல்ல. கத்தியிருப்பேன். கத்திட்டுக் கூப்பிட்டிருப்பேன் தனுஷா.

நம்பலைன்னா உன் வூட்டுக்காரரைக் கேளு, அவரும் கண்ணாடி போட்டவர்தானே. வர ஞாயித்துக்கிழமை மொத பஸ்ஸுல கேமராவை எடுத்துக்கினு மலைக்கு வரேன். நியாயம் கேக்கத்தான் வரேன், விருந்து சாப்பிட இல்ல. உங்கம்மாவும் வராளாம், முட்டியைப் புடிச்சிக்கினு இப்பவே பையை எடுத்து வெச்சிட்டா. நீ புள்ளையோட வாசல்ல ஓரமா நில்லு. மாப்பிள்ளை அந்த ஓட்டையில கண்ணாடியோட பாக்கட்டும். நீ தெரியறியா இல்லையான்னு அவரே சொல்லட்டும். அவர் சொன்னா நான் கட்டுப்படறேன். அப்புறம் நான் ஒரு படம் எடுப்பேன், அதுக்கு நீங்க மூணு பேரும் நடுவுல வந்து நிக்கணும்.

படத்தை இதோட வெச்சிருக்கேன். பின்னால எல்லார் பேரையும் இடது பக்கத்துல இருந்து வரிசையா எழுதிட்டேன், கடைசியில சமையக்காரர் பேர் வரைக்கும். மொதப் பேர் உன்னுது. ரெண்டாவது எடத்தைக் காலியா விட்டிருக்கேன். கொழந்தை பேர் உங்கம்மாவுக்குத் தெரியும், ஆனா அவளை நான் கேக்க மாட்டேன். நான் வரதுக்குள்ள நீயே எழுதி வை.

மூணு பேரும் நல்லா இருங்க.

அப்பா