ஆகாது என்று நீ சொன்ன பாட்டு

இன்று மத்தியானம் வீடு முழுக்க நெயில் பாலிஷ் வாசனை. சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும் என்று மகள் கட்டிலில் உட்கார்ந்து நகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தாள். நிறமில்லாத பாலிஷ். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சிநேகிதி என்றுதான் பேர், நீ இருந்தபோது உன்னோடு சண்டை போடாத வாரம் இருந்ததில்லை. இப்போது மட்டும் எதற்கு நிறுத்த வேண்டும்?

உன் நகத்தில் ஒரு நாளும் பாலிஷ் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தத் தூத்துக்குடியில் ஃபேன்ஸி ஸ்டோரில் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கியவள் நீ ஒருத்திதான். உன் கடையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கட்டினால், முதலில் மதர்போர்டை மேசையில் போடுவாய். ஒயர் செருகுகிற இடங்களை எல்லாம் டேப் ஒட்டி மறைப்பாய். மிச்ச இடமெல்லாம் மெல்லியதாகப் பாலிஷ் பூசி, காய்ந்த பிறகுதான் பெட்டிக்குள் மாட்டுவாய். மற்ற ஊரில் வருஷக்கணக்கில் ஓடுகிற போர்டு இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பச்சை பூத்துப் போய்விடும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்றுக்குப் போர்டில் ஓடுகிற செம்புக்கோடு எம்மாத்திரம்? "இதச் செஞ்சு அனுப்புறவன் எவனும் நம்ம ஊர்ல ஒரு வாரம் குடியிருந்ததில்லளா" என்பாய். படிப்பில் டிப்ளமோ, வாயில் டாக்டர் பட்டம் உனக்கு.

எதைத்தான் நீ வையவில்லை? கண்ணாடி வைத்து உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டிதான் வேண்டும் என்று ஒருவர் மகனுக்காக வந்து நின்றார். "அண்ணாச்சி, இதுல பையன் படிக்கப் போறானா, இல்ல நீங்க சீரியல் லைட் போட்டுச் சப்பரம் இழுக்கப் போறியளா?" என்று கேட்டாய். அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். போனில் இயர்போன் செருகும் ஓட்டையை எடுத்துவிட்டார்கள் என்று நீ துக்கம் கொண்டாடியது கொஞ்சநஞ்சமா? "இருந்த ஓட்டைய அடச்சுட்டு, அதுக்குப் பதிலா காதுல சொருவ ரெண்டு மணியக் குடுத்து, அதுக்குத் தனியாக் காசு பிடுங்குதான். ஒண்ணு சாக்கடையில விழுந்தா மத்தது எதுக்கு ஆகும்? சார்ஜ் போட்டாத்தான் பாடும்னா அது என்ன பாட்டு?"

நான் மாதச் சந்தா கட்டிப் போனில் பாட்டுக் கேட்பது உனக்கு ஆகவே ஆகாது. "வாடகை குடுக்குறத நிறுத்திப் பாரு. உன் பாட்டெல்லாம் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரும்." நானும் விடமாட்டேன். "தண்ணி குடிக்க வீட்டுக்கு வீடு கிணறு வெட்டணுமாளா? குழாயத் திறந்தா வருதுல்ல" என்பேன். உடனே நீ ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டுவாய். ஒன்று முழுப் பதிவு, இன்னொன்று சுருக்கி எம்பி3 ஆக்கியது. வித்தியாசம் தெரிகிறதா என்பாய். தெரியவில்லை என்பேன். நிஜமாகவே தெரியாது. "பாடுறவ மூச்சு இழுக்குற சத்தம் இதுல செத்துப்போச்சு. மூச்சு விடாதவ எப்படிளா பாடுவா?" என்று ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசையில் வைப்பாய். அன்று முழுக்க என்னோடு பேச மாட்டாய்.

என் கழுத்தில் கட்டி வந்தது அந்தக் காலத்தில்தான். ஆபரேஷன் செய்தால் குரல் மாறலாம், பாட வராமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நம் கோயில் பாடகர் குழுவில், நவநாளுக்கு மாதா பாட்டைத் தனியாகப் பாடுவது சின்ன வயதிலிருந்து நான்தான். எனக்கென்று ஊரில் இருந்த பெருமை அது ஒன்றே. நான் உன் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். நீ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தொப்பென்று போட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் நேரா இங்கன வா. கட்டி எடுக்குறவன் எடுக்கட்டும். அதுக்கு முன்னாடி அந்தக் குரல நாம பிடிச்சு வச்சுருவோம்" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. ஷட்டரை இறக்கி, ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, என் வளையலைக் கழற்றச் சொல்லி, கஞ்சி போட்ட சேலை மொடமொடக்கிறது என்று அதற்கும் ஒரு பாட்டம் வைதாய். உப்பு லாரி போகும்போதெல்லாம் நிறுத்தினோம். என் அக்கா மஸ்கட்டில் இருந்தாள். தனக்கும் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாள். உன்னிடம் கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் போனில் பதிவைப் போட்டு, முந்தானைக்கடியில் வைத்துக்கொண்டு பாடினேன். மூன்றாவது அடியில் தொண்டை வழுக்கியது. நீ கையை உயர்த்தினாய்; அதற்குள் என் போனையும் பார்த்துவிட்டாய். நீயே வந்து பிடுங்கி அணைத்தாய். அப்புறம் நான் மறுபடியும் பாடினேன். அந்தத் தடவை ஒரு பிசிறும் இல்லை. முடித்த பிறகு நீ ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாய். பிறகு "ம்" என்றாய். உன் வாயிலிருந்து ஒரு "ம்" வாங்குவது என்றால் சும்மாவா? ஊரே கை தட்டியிருந்தாலும் எனக்கு அவ்வளவு நிறைந்திருக்காது.

அந்தப் பதிவைத் தா என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அவசரப்படாத. எதிரொலி கொஞ்சம் இருக்கு. சரி பண்ணாமத் தர மாட்டேன்" என்றாய். ஆபரேஷன் முடிந்தது. குரல் போயிற்று. இப்போது நான் பேசினால் தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகும் கேட்டேன். அதற்குப் பிறகும் நீ எதிரொலியைத்தான் சரி பண்ணிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் உனக்கு முதுகு வலி வந்தது. பெரிய பெட்டிகளைத் தூக்க முடியவில்லை. துபாயிலிருந்து உன் தம்பி ஒரு லேப்டாப் கொண்டுவந்தான். வெள்ளித் தட்டுப் போல மெல்லிசு. அதன் அடியில் இருந்த திருகாணியைத் திருக ஊரில் எந்தக் கடையிலும் ஆயுதம் கிடையாது. திறக்க முடியாத பொருள் நம்ம பொருள் இல்ல என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்ன வாய்தானே உனக்கு? அந்த லேப்டாப்பை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய்.

"பாலிஷ் பூசலையா?" என்று நான் கேட்டேன், வேண்டுமென்றேதான்.

"இதுக்கு வேண்டாம்ளா. உள்ள ஃபேனே கிடையாது. காத்து போக வழியே இல்ல. அப்புறம் உப்பு எங்கிட்டுப் போகும்?"

"நீ சொன்னதெல்லாம்?"

"இது வேற" என்றாய். முகத்தில் அப்படி ஒரு பவுசு.

பழைய பெட்டியின் ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. என் பாட்டு உட்பட எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டு அதைத் தூர எறிந்தாய். இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றாய், எடுக்கவில்லை. நெட்டில் ஏற்றி வை என்றேன். "என் துணிய எவன் வீட்டு அலமாரியிலயோ வைக்கவா?" என்றாய். உள்ளே ஃபேன் இல்லாததால் அது சூடாகியது. அதற்கு நீ என்ன செய்தாய்? கடையில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, குளுகுளுவென்று காற்று வருகிற இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தாய். விசைப்பலகையில் எழுத்துக்கு எழுத்து இடுக்கு இருக்கிறது, சார்ஜ் போட ஓட்டை இருக்கிறது. ஊரில் இருக்கிற போர்டுக்கெல்லாம் பாலிஷ் பூசியவள், தன்னுடையதைக் காற்றாட வைத்தாள். இதை நான் யாரிடம் சொல்லி அழ?

நீ போனது ஒரு காலை நேரத்தில், நெஞ்சு வலி என்று சொல்லி, ஆட்டோ வருவதற்குள். முதல் வருஷப் பூசை முடிந்த பிறகுதான் உன் தம்பி மனைவி அந்த லேப்டாப்பை என்னிடம் தந்தாள். "மதினி இதுல உங்க பாட்டு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. சார்ஜ் போட்டு அழுத்தினேன், அப்போதும் வரவில்லை.

திருநெல்வேலிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போட்ட ஒரு தம்பி. உள்ளே கொண்டுபோய்த் திறந்து, போட்டோ எடுத்து வந்து காட்டினான். போர்டு முழுக்கப் பச்சை. நீ மற்றவர்கள் போர்டுகளை விரலால் தட்டிக் காட்டுவாயே, அதே பச்சை.

"தண்ணி பட்டிருக்கு மேடம்."

"தண்ணியே படல தம்பி. நாங்க தூத்துக்குடி."

அவனுக்குப் புரியவில்லை. "போர்டு புதுசா மாத்திரலாம். ஆனா உள்ள இருக்குற டேட்டா வராது. ஸ்டோரேஜ் போர்டோட சேத்து ஒட்டுனது."

"கழத்தி வேற எதுலயாவது போட்டுப் பாக்க முடியாதா?"

"கழத்துற மாதிரி செய்யல மேடம். நீங்க பேக்கப் வச்சிருந்திருக்கணும்."

நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிக் கதவு மிஞ்சியிருக்காது. நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போனில் கேட்டு வந்திருந்தது. ஒரு துண்டுப் பொருளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? மெலிசு, மெலிசு என்று இழைத்து, அதில் என் குரலையும் சேர்த்துப் பூசி மூடிவிட்டார்கள். ஊர் வருகிற வரைக்கும் அவர்களைத் திட்டினேன். ஊர் வந்ததும் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். தெரியாமல் செய்தவர்களை விட, தெரிந்தும் செய்த உன் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். நல்ல பதிவு, சுத்தப் பதிவு என்று சொல்லிச் சொல்லியே ஒரு நகலும் தராமல் போய்விட்டாய்.

இன்று நகம் காய்ந்ததும் மகள், "அம்மா, உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள். அன்று முந்தானைக்கடியில் பதிந்ததை நான் மஸ்கட்டுக்கு அனுப்பியிருந்தேன். என்னிடம் இருந்தது பழைய போனோடு போயிற்று. அக்கா இன்னும் அதை வைத்திருக்கிறாள். மகள் அவளிடம் கேட்டு வாங்கி, ஏதோ ஒரு ஆப்பில் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறாள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டாள். என் குரல்தான். லாரிச் சத்தம் இல்லை. சேலை மொடமொடக்கவில்லை. மூன்றாவது அடியில் வழுக்கின இடத்தைக்கூட அந்த ஆப் பூசி மெழுகியிருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் ஓரிடத்திலும் இல்லை. ஆளே இல்லாத ஓர் இடத்திலிருந்து யாரோ பாடுவது மாதிரி இருந்தது. நீ அத்தனை வருஷம் போட்டுக் காட்டியபோது தெரியாத வித்தியாசம் அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது அடியோடு பாட்டு அறுந்தது, ஸ்பீக்கரும் நின்றது.

"கடைசியில அவ பேசுறது எங்க போச்சுளா?" என்றேன்.

"அத நாய்ஸுன்னு எடுத்துட்டும்மா. பாட்டு மட்டுந்தான் வச்சிருக்கு."

"அவ நாய்ஸா?"

என் குரலுக்குச் சத்தம் போட வராது. ஆனாலும் மகள் பயந்துவிட்டாள். "பழசு அப்படியே இருக்கும்மா, அழிக்கல" என்று தேடி எடுத்துக் கொடுத்தாள். நான் ஸ்பீக்கர் வேண்டாம் என்று போனையே காதில் வைத்துக்கொண்டேன். இரைச்சல். லாரி. உலர்ந்த தொண்டையோடு நான் மூச்சு இழுப்பது. மூன்றாவது அடியில் வழுக்கல். பிறகு நீ.

"ஆகாது. அங்கன தொண்ட வழுக்கிட்டு. முதல்லேருந்து பாடு… ஏளா, அது என்ன முந்தானைக்குள்ள மினுங்குது? போனா? அணைளா அந்த டப்பாவ."

அவ்வளவுதான். அத்தோடு அறுந்துவிடுகிறது. நீ "ம்" என்ற பாட்டு போய்விட்டது. நீ ஆகாது என்று தள்ளின பாட்டு, நீ டப்பா என்று வைத போனில், நீ வெறுத்த எம்பி3-யை விடக் கேவலமாகச் சுருங்கி, மஸ்கட் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. உன் குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பதும் அதில்தான். கடையில் நீ எடுத்த மற்ற பதிவுகளில் எல்லாம் நீ பேசினதை நீயே வெட்டிவிடுவாய். உன் சுத்தத்தில் இடிதான் விழ வேண்டும். அந்த லேப்டாப் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கிற போதெல்லாம் வைகிறேன். இந்தப் போன் பதிவை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன். மகளின் கம்ப்யூட்டரில் ஒன்று, அக்காவிடம் ஒன்று, என் போனில் ஒன்று.

மகள் வரவேற்புக்குக் கிளம்பிப் போனாள். நான் குசினிக் கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். வளையலைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தேன். தேங்காய் துருவுகிற இந்தக் குரலில், முதலிலிருந்து பாடினேன். மூன்றாவது அடியில், சரியாக அதே இடத்தில், தொண்டை வழுக்கியது. நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஆகாது என்று சொல்ல ஆளில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.