சாட்சிக் கூண்டில் நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது, எனக்கு முன்னால் இறங்கிய பெண் தன் மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கூடையின் அடியிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் தாரில் சொட்டியது. வெயில் ஏறிவிட்ட தாரில் அது விழுந்ததும் ஒரு வாசனை எழும்பியது. பக்கத்தில் நின்றவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். என்னால் நகர முடியவில்லை. நீ முதன்முதலாக என் கன்னத்தைத் தட்டியபோது உன் கையில் இருந்த வாசனை அது.

அன்று வரைக்கும் நீ யாரென்று எனக்குத் தெரியாது. சதுரங்கப்பட்டினத்துக்குத் திரும்பும் இடத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நீலத் தார்ப்பாய் கட்டி மீன் விற்கும் பெண்களில் ஒருத்தி நீ. நானோ அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடிப்பவள். மாலையில் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். உன்னிடம் ஒருநாள்கூட மீன் வாங்கியதில்லை.

அன்றைக்கும் வெள்ளைக்கோடு போட்ட இடத்தில்தான் சாலையைக் கடந்தேன். எனக்காக ஒரு பஸ் நின்றது. டிரைவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். பஸ்ஸைத் தாண்டி இன்னும் இரண்டு எட்டு வைத்தால் மண்பாதை. நின்ற பஸ்ஸை இடப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு கார் வந்ததை நான் பார்க்கவேயில்லை.

அடுத்து எனக்கு ஞாபகமிருப்பது உன் முகம். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் தரையில் உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

"கண்ண மூடாத. என்னப் பாரு. உம் பேரு இன்னா, சொல்லு."

"சுமதி."

"சுமதி, உன் வூடு எங்க கீது? யாரு கீறாங்க வூட்ல? பேசிகினே இரு."

ஆம்புலன்ஸ் செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரும்வரை என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்தாய். விற்காத மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் அப்படியே விட்டுவிட்டு வந்தவள், என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை வார்டு வாசலிலேயே இருந்தாயாம். அவர் உன் பேரைக் கேட்டபோது, "இப்ப அதுவா முக்கியம், உள்ள போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாயாம்.

இடுப்பில் முறிவு. வலது கை மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. இன்றும் அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஆனால் அந்த நாட்களில் வலியைவிட என்னை அரித்தது வேறொன்று. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ரெண்டு பக்கமும் பாத்துப் போகக் கூடாதாம்மா?" விசாரிக்க வந்த போலீஸ்காரர், "போன் பேசிகினே வந்தியா?" என்றார். என் கணவர்கூட ஒருநாள், மெதுவாகத்தான், "என்ன அவசரம் சுமதி உனக்கு?" என்று கேட்டார். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படுத்தபடியே அந்தச் சாலையைத் திரும்பத் திரும்பக் கடந்து பார்ப்பேன். ஓடினேனோ? கவனிக்கவில்லையோ? எல்லாரும் சொல்வது போலத்தான் நடந்ததோ?

முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே எழுதியிருந்தது. நான் திடீரென்று குறுக்கே ஓடி வந்துவிட்டேனாம்.

காரை ஓட்டியது ஐஸ் கம்பெனிக்காரரின் மகன். அவர்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் பழத்தோடு வந்தார். "கேஸு கீஸுன்னு அலையாதீங்கம்மா. கோர்ட்டு வாசல்ல எவ்ளோ பேஜாரு தெரியுமா? பெரியவரு ஏதோ பாத்து செய்வாரு" என்றார். தப்பு என்னுடையது, இரக்கம் அவர்களுடையது என்பது போல இருந்தது அந்தப் பேச்சு.

கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும், செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனோம். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஒரு சின்ன வயது வக்கீலம்மாவை எங்களுக்காக நியமித்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சரியாத்தான் நடந்தீங்கன்னு பாத்தவங்க ஒருத்தராவது வந்து சொல்லணும்மா. இல்லன்னா பழியில பாதிய உங்க மேலயே போட்ருவாங்க."

என் கணவர் அந்தச் சாலையோரம் முழுக்க ஏறி இறங்கினார். டீக்கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்தாராம். செல்போன் கடைக்காரரின் கேமராவில் பழைய பதிவு அழிந்துவிட்டதாம். படம் பிடித்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பஸ் டிரைவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், ஆஸ்பத்திரியில் பார்த்த உன்னை அடையாளம் கண்டு நீலத் தார்ப்பாய்க்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார். நீ கத்தியைக் கீழே வைக்காமலே, "நான்தான் பாத்தேனே. எப்ப வரணும், சொல்லு" என்றாயாம்.

நஷ்டஈட்டு வழக்கின் விசாரணை நாளன்று திருக்கழுக்குன்றம் வழியாக ஒரே பஸ்ஸில் போனோம். நீ பச்சை நிறப் புதுப்புடவை கட்டியிருந்தாய். கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை என்று சிரித்தாய். "ஜட்ஜு எதுனா சொல்வாரா?" என்று என்னிடம் கேட்டாய். என் வாழ்க்கையில் நானும் அன்றுதான் முதல்முறையாக நீதிபதியின் முன்னால் நிற்கப் போகிறேன். எனக்கென்ன தெரியும்?

கூண்டில் ஏறியதும் உன் குரல் முதலில் எழும்பவேயில்லை. கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்கள் வெளுத்திருந்தன. நம் வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் "ஆமா", "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னாய். பிறகு, நஷ்டஈட்டைக் கட்ட வேண்டிய கார் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார்.

"நீங்க மீன் வெட்டிட்டு இருந்தீங்க. குனிஞ்சு வெட்றவங்க ரோட்டை எப்படிப் பாத்தீங்க?"

"யாவாரம் எந்தப் பக்கத்திலர்ந்து வருதுன்னு பாத்துகினேதான் சார் வெட்டுவோம்."

"இந்தம்மா போன்ல பேசிகிட்டே ஓடி வந்தாங்க. சரிதானே?"

"ஓடல சார். நடந்துச்சு. ஒரு கைல பை, ஒரு கைல குடை. போன எந்தக் கைல சார் புடிக்கும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கார் உரிமையாளர் உங்களுக்கு ஐஸ் குடுக்கறத நிறுத்திட்டார். உண்டா இல்லையா?"

நான் உன்னையே பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

"உண்டா இல்லையாம்மா?"

"உண்டு சார்."

"அந்தக் கோவத்துல அவங்க பையன் மேல பொய் சாட்சி சொல்ல வந்திருக்கீங்க."

அப்போதுதான் உன் குரல் எழுந்தது. நீதிபதியின் பக்கம் திரும்பிச் சொன்னாய். "ஐயா, நான் சாட்சி சொல்லப் போறேன்னு தெரிஞ்சப்பறம்தான் ஐஸ நிறுத்துனாங்க. வண்டி இடிச்சது அதுக்கு முன்னாடி. இடிச்ச அன்னிக்கு எம் பொட்டில இருந்தது அவுங்க ஐஸுதான். அன்னிக்கு எனக்கு இன்னா கோவம் ஐயா அவுங்க மேல?"

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி உன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்யச் சொன்னார்.

வெளியே டீக்கடையில் நின்றபோது என் டம்ளரைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தேன். ஐஸ் நின்றால் உன் பிழைப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் ஐஸ் அவர்களிடமிருந்துதான்.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா இன்னா பண்ணிருப்ப? வாணாங்க்கா, வராதன்னு சொல்லிருப்ப." டீயை ஊதிக் குடித்தாய். "எனக்கும் அது ஒரு சாக்காப் பூட்டிருக்கும். பயமாத்தான் இருந்துச்சு சுமதி. நேத்து வரைக்கும் பஸ் ஏறுவனா மாட்டனான்னு எனக்கே தெரியாது."

அதன் பிறகுதான் நாம் சிநேகிதிகள் ஆனோம். நீ வெளியூரிலிருந்து சாக்கில் கட்டி ஐஸ் கொண்டுவந்தாய். பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் முறைப்பார். வந்து சேரும்போது பாதி கரைந்திருக்கும். மீதியை வைத்துக்கொண்டு சாலையோரம் மாலைவரை உட்கார முடியாதென்று, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடக்க ஆரம்பித்தாய். மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும். மிச்சமிருந்தால் அச்சக வாசலில் கூடையை இறக்கி, என் முதலாளியைக் கட்டாயப்படுத்தி வாங்க வைப்பாய். நான் இடதுகையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "கோழி கொத்துற மாரி கீது" என்று கேலி செய்வாய். அந்தக் கேலி எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

வழக்கு வாய்தா வாய்தாவாகப் போனது. அதற்குள் உன் மார்பில் கட்டி வந்துவிட்டது. வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் மகளிடமே சொல்லியிருக்கிறாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்த நாட்களில் நீ உன் உடம்பைப் பற்றிப் பேசவேயில்லை. போகும்போதெல்லாம் வழக்கைப் பற்றித்தான் கேட்பாய். நம் நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொன்ன அன்று உன் முகம் விழுந்துவிட்டது.

"புது ஜட்ஜு என்னப் பாக்கலியே சுமதி. நான் சொன்னது அவுருக்கு எப்டித் தெரியும்?"

"நீ சொன்னதெல்லாம் டைப் பண்ணி வச்சிருக்காங்கக்கா. அவர் படிச்சுப் பாப்பார்."

"நான் எப்டி சொன்னன்னு அதுல இருக்குமா?"

இருக்கும் என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கண்ணீர் அஞ்சலியை நான்தான் டைப் அடித்தேன். மற்றவர்களுக்கு யோசிக்காமல் போடும் 'பாசமிகு', 'தெய்வத்திரு' எல்லாம் உன் பேருக்கு முன்னால் ஒட்டவில்லை. பேருக்குக் கீழே என்ன போடட்டும் என்று உன் மகளைக் கேட்டேன். "மீன் வியாபாரம்னு போடுங்கக்கா, அது போதும்" என்றாள். பச்சைப் புடவையில் எடுத்த படத்தைக் கொடுத்தாள். கோர்ட்டுக்குக் கட்டிய அதே புடவை. திரையில் உன் முகத்தைச் சரிசெய்ய எனக்கு அன்று வெகுநேரம் ஆனது.

தீர்ப்பு நீ போன பிறகு வந்தது. வக்கீலம்மா எனக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டே வந்தார். தவறு முழுக்கக் காரை ஓட்டியவருடையது. நடந்து வந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நேரில் பார்த்தவர் சொன்ன சாட்சியம் நம்பும்படியாக இருக்கிறது. நேரில் பார்த்தவர் என்றால் நீ. வக்கீலம்மா என் தோளைத் தொட்டு, "ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார். வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இல்லை.

நேராகச் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனேன். உன் மகள் மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நல்லதுக்கா" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, மறைக்காமல் சொன்னாள்.

"அம்மா அந்த ஐஸ் சாக்கத் தூக்கினு வர்றத பாக்கறப்பல்லாம் நான் உங்களத் திட்டிருக்கங்க்கா. யாரோ ஒருத்திக்காக இப்டி செரமப்படறியேன்னு அம்மாவோட சண்டை போட்ருக்கேன்."

அவள் திட்டியதில் தவறில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே கேட்டேன். "அம்மா என்ன சொல்வாங்க?"

"பெருசா ஒண்ணும் சொல்லாது. 'அது பாட்டுக்கு வூட்டுக்கு நடந்து போய்கினு இருந்துச்சுடி. அவ்ளோதான் அது பண்ணது'ன்னு சொல்லும். எப்பக் கேட்டாலும் அதேதான்."

சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அந்த வீட்டில் இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

அக்கா, தீர்ப்பின் நகல் பீரோவில் இருக்கிறது. அதை நான் எடுத்துப் பார்ப்பதில்லை. புதிதாக அறிமுகமாகும் யாராவது என் கையைப் பார்த்துவிட்டு இப்போதும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். பார்த்துப் போகக் கூடாதா என்கிறார்கள். முன்பெல்லாம் அந்தக் கேள்வி வந்தாலே அந்தச் சாலையை மனதுக்குள் மறுபடி கடந்து பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. நீ என்னிடம் சொல்லாமல் உன் மகளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்த அதையே அவர்களுக்குப் பதிலாகச் சொல்கிறேன். நான் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.