அமெரிக்கா லைன் என்கேஜ்டு

ஆரணி
12.6.1988

தம்பி ஜினராஜுக்கு அக்கா ரத்னாவதி எழுதுவது. அன்புள்ள என்று போட இன்றைக்குக் கை வரவில்லை.

உன்னோடு ஒரே ரூமில் இருக்கும் ஜெயசந்திரன் கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தார். நம் வீட்டுக்கும் வந்து, "உங்க தம்பி பெரிய கப்பல் தளபதிங்க" என்று சிரித்தார். கம்ப்யூட்டரை டெலிபோன் ஒயரில் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களோடு கடல் சண்டை விளையாடுகிறாயாமே? படம்கூடக் கிடையாதாம், வெறும் எழுத்தாம். எந்தக் கப்பல் எங்கே போகணும், யாரைச் சுடணும் என்று ராத்திரியெல்லாம் தட்டிக்கொண்டிருப்பாயாம். அதுவரைக்கும் யார் கூப்பிட்டாலும் லைன் கிடைக்காதாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட பாவி! பொங்கலிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் குரலைக் கேட்கிற வரைக்கும் சோறு தொடமாட்டேன் என்று அம்மா கோயிலில் விரதம் எடுத்துவிட்டாள். பாலும் பழமும்தான். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. காலையில் அவளைக் கூட்டிப்போய் டிரங்கால் புக் பண்ணுவேன். நமக்குக் காலை, உனக்கு ராத்திரி. ஒவ்வொரு தடவையும் டெலிபோன் ஆபீஸ் தனகோடி, "என்கேஜ்டும்மா, யார்கிட்டயோ பேசிகினே இருக்காரு" என்று கையை விரிப்பார்.

அதைக் கேட்டு அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்! "ஏதோ பொண்ணுகிட்டதான் பேசிகினு இருக்கான்டி. குறுக்கே பூந்து பேஜார் பண்ணாதே, அவனே கூப்பிட்டுச் சொல்லட்டும்" என்றாள். அதற்கப்புறம் என்னைப் போன் போடவே விடுவதில்லை. முள்ளிப்பட்டு எல்லப்பனிடம் மாம்பழக் கலரில் ஒரு புடவை நெய்யவும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்காம்! விரதத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். ஜெயசந்திரன் சொன்னதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்? ஊர் பேர் தெரியாதவன் சுட்டால் ஒரு நாள் தவறாமல் பதிலுக்குச் சுடத் தெரிகிறது உனக்கு. பெற்றவளுக்கு நாலு வார்த்தை எழுதக் கை வலிக்கிறதா?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்த ஒயரைப் பிடுங்கிப் போடு. எதிர்வீட்டு அருணகிரி ஜவுளிக்கடைக்கு நீயே போன் பண்ணு. நம்பர் உனக்குத் தெரியும். இங்கே பொழுது சாய்வதற்குள் பேசு. இருட்டினால் நம் சமண வழக்கப்படி அவள் வாயில் எதுவும் வைக்கமாட்டாள். யார் அந்தப் பெண் என்று கேட்பாள். என்ன சொல்வாயோ, அது உன் பாடு. முதலில் அம்மா என்று கூப்பிடு. சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத அக்கா
ரத்னாவதி

அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். உங்கள் இரண்டு பேருக்கும்.